கல்லும் சொல்லும்

ஒரு மொழியின் சொற்களை மனப்பாடம் செய்பவர் பலர். அச்சொற்கள் குறிக்கும் பொருள்களைக் கண்டு கற்பவர் சிலர். சொல் என்பது ஒரு பொருளுக்கு இட்ட பெயர். பொருளை அறியாதவனுக்கு அப்பெயர் வெறும் ஒலியாகவே நிற்கும். பொருளை நன்கு அறிந்தவனுக்கோ, அது எம்மொழியில் வழங்கினும், பழகிய முகம்போலத் தோன்றும். பிறமொழி கற்கப் புகும் மாணாக்கர் முதற்கண் உணரத்தக்க உண்மை இதுவாகும். மயிலாப்பூரில் வாழும் ஓர் இளைஞனின் முயற்சியைக் கொண்டு இதனை விளக்கலாம்.

அவ்விளைஞன் பள்ளிக் கல்வியைத் தமிழ்வழியிற் பயின்றவன். வணிகவியலில் பட்டம் பெற்றவன். மேற்படிப்பின் பொருட்டு அயல்நாடு செல்ல விழைந்தான். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இடம் பெறுவதற்கு, ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வில் அவன் தகுதி பெறுதல் வேண்டும். 1989-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் அத்தேர்வு கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு பகுதிகளை உடையது. படித்தற் பகுதியில் மூன்று நீண்ட கட்டுரைகள் கொடுக்கப்படும். அவற்றைப் படித்து, 60 நிமிடங்களில் 40 வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். கட்டுரைகள் இன்ன துறையினின்றுதான் வரும் என்னும் வரையறை இல்லை. விலங்கியலும் வானியலும் வரலாம். பண்டைக் காலத்துப் பொறியியலும் வரலாம். தேர்வுக் கட்டணமோ அவன் தந்தையின் மாத ஊதியத்திற் பெரும்பகுதி. இரண்டாம் முறை அதனைச் செலுத்தும் வசதி அக்குடும்பத்திற்கு இல்லை.

ஆகவே அவன் கடுமையாக உழைத்தான். தடித்த குறிப்பேடு ஒன்றில் ஆங்கிலச் சொற்களை ஒருபுறமும், அவற்றின் தமிழ்ப் பொருளை மறுபுறமும் எழுதினான். பண்டைப் பொறியியலுக்கென்று மட்டும் 200 சொற்கள் சேர்ந்தன. ரெசர்வாயர் என்றால் நீர்த்தேக்கம். ஸ்லூஸ் என்றால் மதகு. வியர் என்றால் நீர் வழிந்தோடும் தடுப்புச் சுவர். அக்விடக்ட் என்றால் நீர்கொண்டு செல்லும் பாலம். இவ்வாறு இரவெல்லாம் ஓதினான். காலையில் பாதிச் சொற்கள் நினைவில் இல்லை. எஞ்சிய பாதியும் ஒன்றோடொன்று மயங்கின.

ஒருநாள் பயிற்சித் தாளில் கல்லணையைப் பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. சிறுவயது முதற்கொண்டு பாடப்புத்தகத்தில் படித்த அணையன்றோ என்று அவன் மகிழ்ந்தான். 'அவ்வணை மழைக்காலத்து நீரைக் கோடைக்காலத்திற்காகச் சேமித்து வைத்தது' என்னும் கூற்று சரியா, தவறா என்பது ஒரு வினா. சரி என்று தயங்காமல் எழுதினான். விடைப் பகுதியைப் புரட்டிப் பார்த்தபோது தவறு என்றிருந்தது. அறியாத பொருளில் பிழை செய்திருந்தால் அவன் அத்துணை வருந்தியிருக்க மாட்டான். தன் நாட்டுப் பொருளிலேயே பிழை செய்தது அவனைத் தளரச் செய்தது. "ஆங்கிலம் நமக்கு வாராது" என்று சொல்லிக் குறிப்பேட்டை மூடினான்.

அவனுடைய தாத்தா, தஞ்சை மாவட்டத்தில் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பேரன் மூடிய குறிப்பேட்டை அவர் எடுத்துப் புரட்டினார்.

"இதில் எழுதியுள்ளவற்றுள் எதையேனும் கண்ணாற் கண்டிருக்கிறாயா, அப்பா?" என்று கேட்டார்.

"இல்லை, தாத்தா. இவையெல்லாம் பழங்காலத்துப் பொருள்கள் அல்லவா?"

"பழங்காலம் நம் தெருக்கோடியிலேயே இருக்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டு வா" என்றார் பெரியவர்.

இருவரும் கபாலீசுவரர் கோயிலுக்கு மேற்கே உள்ள திருக்குளத்தை அடைந்தனர். மாலை வேளை. நான்கு புறமும் படிகள் வரிசை வரிசையாக இறங்கிச் சென்றன. குளத்தின் நடுவே மண்டபம் நின்றது. நீர் சில படிகளை மூடியும் சில படிகளைக் காட்டியும் கிடந்தது. "மழை மிகுந்த ஆண்டில் நீர் மேற்படிகளை நோக்கி ஏறும், வறண்ட ஆண்டில் அடிப்படிகளுக்கு இறங்கும். நீர் எம்மட்டத்தில் நின்றாலும் மக்கள் அதனிடம் சென்று சேர வேண்டும். அதற்காகவே இத்தனை படிகள்" என்றார் தாத்தா.

அச்சொற்களைக் கேட்டதும் இளைஞனுக்குத் தான் முன்பு படித்த கட்டுரை ஒன்று நினைவுக்கு வந்தது. ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி நூல்களுள் ஒன்றில் இந்தியாவின் படிக்கிணறுகளைப் பற்றிய கட்டுரை இடம் பெற்றுள்ளது. ஆங்கிலத்தில் அவற்றை ஸ்டெப்வெல் என்பர். குசராத்து மாநிலத்தின் பாட்டன் நகரில் 11-ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட 'ராணி கி வாவ்' என்னும் கிணறு அவற்றுட் புகழ் பெற்றது. 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2018-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட 100 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அதன் வடிவத்தைக் காணலாம். தமிழ்நாட்டிலும் திருச்சிக்கு அருகே உள்ள திருவெள்ளறையில், நாற்புறமும் படிகள் வளைந்திறங்கும் பல்லவர் காலத்துக் கிணறு ஒன்று உண்டு. முன்பு அக்கட்டுரையைப் படித்தபோது அவனுக்கு அது கடினமாக இருந்தது. திருக்குளத்தின் படியில் அமர்ந்து எண்ணிப் பார்த்தபோது, அதில் அறியாதது ஒன்றும் இல்லை என்பது விளங்கிற்று. நீர்மட்டம் ஏறுதல், இறங்குதல், படி, தளம், தூண் ஆகிய யாவும் அவன் கண்முன்னே இருந்தன. ஆங்கிலப் பெயர்கள் அவற்றின்மேல் தாமாகவே வந்து அமர்ந்தன.

ஆயினும், கண்ட பொருளுக்குப் பெயரிடும்போதும் எச்சரிக்கை வேண்டும். சென்னையில் வழங்கும் ஆங்கிலத்தில் குளத்தையும் ஏரியையும் 'டேங்க்' என்றே சொல்லுவர். இங்கிலாந்தில் அச்சொல்லைக் கேட்பவர், நீரோ எண்ணெயோ நிரப்பும் தொட்டியையே நினைப்பர். மயிலாப்பூரில் விளங்கும் சொல் இலண்டனில் வேறு பொருள் தருகின்றது. ஆதலால் தேர்வு எழுதுவோன், ஒரு சொல் எந்த ஊரில் எப்பொருளில் வழங்குகின்றது என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

குளத்தினின்று திரும்பும் வழியில் பெரியவர் தியாகராய நகரைப் பற்றிய செய்தி ஒன்றைக் கூறினார். இன்று கடைகளும் மக்கள் கூட்டமும் நெருங்கிய அப்பகுதியில் ஒரு காலத்தில் பேரேரி ஒன்று பரந்திருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே அடையாற்றை நோக்கி அது நீண்டு கிடந்தமையால், ஆங்கிலேயர் அதனை 'நீண்ட ஏரி' என்னும் பொருள்பட 'லாங் டேங்க்' என அழைத்தனர். 1920-களில் அவ்வேரியின் நீரை வடித்து, அந்நிலத்தில் புதிய நகரை அமைத்தனர். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி. தியாகராயரின் பெயர் அந்நகருக்கு இடப்பட்டது. ஏரி மறைந்தது. மேற்கு மாம்பலத்தில் உள்ள லேக் வியூ சாலை மட்டும், ஏரி இல்லாத ஏரிக்காட்சியைப் பெயரளவில் இன்றும் தாங்கி நிற்கின்றது.

ஓர் ஏரிக்குரிய உறுப்புகளைத் தாத்தா ஒவ்வொன்றாக விளக்கினார். நீரைத் தடுத்து நிறுத்துவது கரை. வயலுக்கு வேண்டிய நீரை அளவாகத் திறந்துவிடும் வாயில் மதகு. ஏரி நிரம்பிய பின் மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடும்படி, கரையினும் தாழ்வாகக் கட்டிய கற்சுவர் கலிங்கு; அதனைக் கலிங்கல் என்றும் வழங்குவர். நீரைக் கொண்டுவரும் வழி வரத்துக்கால். இவ்வுறுப்புகளுள் ஒன்று கெட்டாலும் ஏரி கெடும். உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரியைக் காப்பதற்கென்றே ஊரார் ஒரு குழுவை அமைத்தனர் என்பது இதனால் விளங்கும். சோழர் காலத்து வீராணம் ஏரியிலிருந்து 2004-ஆம் ஆண்டு முதல் சென்னைக்குக் குடிநீர் வருகின்றது. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பொறியியல், இந்நகரத்து மக்களின் குடத்தில் இன்றும் நீராக நிரம்புகின்றது.

இனி, அவனைத் தளரச் செய்த வினாவிற்கு வருவோம். "அணைகள் யாவும் ஒரு தொழிலைச் செய்வன அல்ல. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை நீரைத் தேக்கி வைப்பது. கல்லணை நீரைத் தேக்குவதற்காகக் கட்டியதன்று, திருப்பிவிடுவதற்காகக் கட்டியது" என்றார் பெரியவர். காவிரியினும் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தை நாடி ஓடுவது நீரின் இயல்பு. தடுப்பு இல்லையாயின் காவிரி நீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலைச் சேரும். தஞ்சை வயல்கள் வறண்டு போகும். அங்ஙனம் போகாதபடி தடுத்து, நீரைச் சோழநாட்டு வயல்களை நோக்கிச் செலுத்துவதே கல்லணையின் பணி. கரிகாற் சோழன் கட்டியதாகக் கூறப்படும் இவ்வணை ஏறத்தாழ 1,080 அடி நீளம் உடையது. ஆங்கிலத்தில் நீரைத் தேக்கும் பேரணையை 'டேம்' என்றும், தாழ்வாக அமைந்து நீரை மேலே வழியவிடும் அணையை 'வியர்' என்றும், கதவுகளால் நீரை அடக்கி ஆள்வதைப் 'பேரேஜ்' என்றும் பிரித்து வழங்குவர். குறிப்பேட்டில் இம்மூன்றிற்கும் அணை என்னும் ஒரே பொருளை எழுதியிருந்ததால்தான் இளைஞன் பிழை செய்தான். அவன் அறியாதது ஆங்கிலம் அன்று, கல்லணையே.

இவ்வணையைப் பற்றி அறிய வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1821-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். அக்காலத்தில் காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டமையால் நீர் பெரும்பாலும் கொள்ளிடத்திலேயே பாய்ந்தது. அதனைத் தடுக்கக் கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ஆம் ஆண்டில் முக்கொம்பில் மேலணை கட்டும் பணியை அவர் மேற்கொண்டார். ஆற்றுப் படுகையோ மணல். எவ்வளவு ஆழம் தோண்டினும் பாறை கிட்டாது. அத்தகைய மணலின்மேல் கல்லணை பல நூற்றாண்டுகள் அசையாமல் நிற்பதைக் காட்டன் ஆராய்ந்தார். பெரிய கற்களை மணலில் இட்டு, அவை தம் எடையால் அமிழ்ந்து நிலைத்தபின், அவற்றின்மேல் மேலும் கற்களைக் களிமண்ணோடு அடுக்கி முன்னோர் கட்டியிருந்தனர். ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் இடும் முறையை இந்நாட்டு முன்னோரிடமே கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் எழுதினார். அவ்வறிவே 1847 முதல் 1852 வரை கோதாவரியின் குறுக்கே தவளேசுவரத்தில் அவர் கட்டிய பேரணைக்கும் துணை செய்தது.

பொறியியலைக் கற்ற ஆங்கிலேயர் அதற்குரிய சொற்களையும் இங்கேயே கற்றனர். அணைக்கட்டு என்னும் தமிழ்ச்சொல் 'அனிகட்' என ஆங்கிலத்திற் புகுந்தது. கல்லணைக்கு அவர்கள் இட்ட பெயரே 'கிராண்ட் அனிகட்' என்பதாகும். கலிங்கல் என்னும் சொல் 'கலிங்குலா' என உருமாறிப் பாசனத்துறை அறிக்கைகளில் இடம் பெற்றது. தஞ்சையில் நீதிபதியாய் இருந்த பர்னல் என்பவரும் யூல் என்பவரும் தொகுத்து, 1886-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதியில் இவ்விரு சொற்களையும் காணலாம். சாந்தோம் முதல் ஊரூர்க் குப்பம் வரை உள்ள கடற்கரையில் மீனவர் கடலிற் செலுத்திய கட்டுமரமும் 'கேட்டமரான்' என்னும் பெயரோடு உலகெங்கும் சென்றது. இன்று அப்பெயர் இரட்டை உடல் கொண்ட பெரிய கப்பல்களுக்கும் வழங்குகின்றது. இவற்றைக் கேட்ட இளைஞனின் உள்ளத்தில் இருந்த அச்சம் நீங்கிற்று. தன் ஊர்ச் சொல்லைக் கடன் பெற்ற மொழி தனக்கு முற்றும் அயலாகாது என்று அவன் எண்ணினான்.

பிற சொற்களைக் கற்கவும் அவன் ஒரு வழி கண்டான். தமிழில் தேங்கு, தேக்கு, தேக்கம் என்பன ஒரே வேரிற் கிளைத்தவை. கால் என்பதை அறிந்தால் வாய்க்கால், வரத்துக்கால், கால்வாய் ஆகியவை விளங்கும். அவ்வாறே ஆங்கிலத்திலும் வேர் உண்டு. அக்விடக்ட் என்பதில் அக்வா என்பது நீர். டக்ட் என்பது நடத்திச் செல்லுதல். இரண்டும் இலத்தீன் மொழிக்குரியவை. பிரான்சின் தென்பகுதியில் உரோமானியர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுப்பிய 'பான் டு கார்' என்னும் நீர்ப்பாலம் இதற்குச் சிறந்த சான்று. வளைவுகள் மூன்று அடுக்காக எழுந்து, ஏறத்தாழ 49 மீட்டர் உயரத்தில் ஆற்றைக் கடந்து நீரை அழைத்துச் சென்றன. டக்ட் என்னும் வேரை அறிந்தவன், சாலையைக் கொண்டு செல்லும் பாலமாகிய வயடக்ட் என்னும் சொல்லையும் எளிதில் அறிவான். ஸ்லூஸ் என்னும் சொல் 'வெளியே நிறுத்தி அடைத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. விலக்குதல் என்று பொருள்படும் எக்ஸ்க்ளூட் என்பதும் அதன் உறவே. ரெசர்வாயர் என்பதில் 'காத்து வைத்தல்' என்னும் வேர் இருக்கின்றது. ப்ரிசர்வ், கன்சர்வ் என்பனவும் அவ்வேரினவே. இவ்வாறு 200 சொற்கள் அவன் குறிப்பேட்டில் சில குடும்பங்களாகத் திரண்டன. தனித்தனி ஆளாக வந்தவரை மறந்துவிடலாம். குடும்பமாக வந்தவரை மறத்தல் அரிது.

பெயர்களை மட்டும் கற்றால் போதாது என்பதையும் அவன் உணர்ந்தான். அணை என்ன செய்கின்றது? தடுக்கின்றது, திருப்புகின்றது, தேக்குகின்றது, வெள்ளத்தைத் தாங்குகின்றது. தேர்வின் வினாக்கள் பெரும்பாலும் இவ்வினைச்சொற்களிலேயே தங்கியிருந்தன. ஆதலால் ஒவ்வொரு நாளும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது எதனால் ஆனது, எங்ஙனம் இயங்குகின்றது, எதற்குப் பயன்பட்டது என்று மூன்று ஆங்கில வாக்கியங்கள் எழுதினான். எழுதியவற்றைத் தாத்தாவிடம் தமிழில் விளக்கினான். தமிழில் விளக்க இயலாத இடத்தில் தன் ஆங்கில வாக்கியமும் தெளிவற்றிருப்பதைக் கண்டு திருத்தினான்.

ஒருநாள் தாத்தா குமிழித்தூம்பைப் பற்றிக் கூறினார். பழைய ஏரிகள் சிலவற்றின் உள்ளே, கரையினின்று சற்றுத் தள்ளி, இரண்டு கல்தூண்கள் நிற்பதைக் காணலாம். அவற்றின் அடியில் ஒரு கல்தொட்டி உண்டு. தொட்டியின் மூடியில் உள்ள துளையை ஓர் அடைப்பு மூடியிருக்கும். அடைப்பை மேலே தூக்கினால் நீர் தொட்டியில் இறங்கி, கரைக்கு அடியில் அமைந்த கால்வாய் வழியே வயலுக்குப் பாயும். தொட்டியின் கீழே உள்ள சிறு துளைகள் சேற்றையும் வெளியேற்றும். "இதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர், தாத்தா?" என்று பேரன் கேட்டான். "முதலில் இதற்குத் தமிழில் பெயர் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று பெரியவர் திருப்பிக் கேட்டார். இளைஞன் விடை கூறவில்லை.

அவ்வினா எண்ணிப் பார்க்கத்தக்கது. பொருள் மறையும்போது சொல் மறைகின்றது. சொல் மறைந்தபின் அப்பொருளின் தேவையும் மறந்து போகின்றது. கலிங்கு என்னும் சொல்லை அறிந்த ஊரார், மிகுந்த நீர் செல்லும் வழி ஒன்று எப்பொழுதும் திறந்திருக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தனர். 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெருமழை பெய்து, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் சேர்ந்து அடையாறு பெருகி வந்தபோது, அதன் கரையோரக் குடியிருப்புகள் பல நீரில் மூழ்கின. நீருக்கு உரிய வழியை நகரம் மறந்தாலும் நீர் மறப்பதில்லை. பழம்பொறியியலின் சொற்களைக் கற்பது தேர்வுக்கு மட்டும் உரிய பயிற்சியன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அடையாற்றின் கரையை அடுத்துள்ள கிண்டிப் பொறியியற் கல்லூரி, 1794-ஆம் ஆண்டில் ஒரு சிறிய நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அங்குப் பயின்றோர் ஆங்கில நூல்களையும் கற்றனர். நாட்டின் ஏரிகளையும் அணைகளையும் அளந்து கற்றனர். ஏடும் இடமும் சேர்ந்தபோதே கல்வி நிறைவு பெறும். மயிலாப்பூர் இளைஞனும் அவ்வழியே சென்றான். தேர்வு நாளன்று அவன் கையில் அக்குறிப்பேடு இல்லை. அதில் எழுதியிருந்த மதகும் கலிங்கும் அணைக்கட்டும் இரண்டு மொழிகளிலும் அவன் நெஞ்சில் இருந்தன. மாணாக்கரும் பிறமொழிச் சொல் ஒன்றைக் கற்கும்போதெல்லாம், அப்பொருளுக்குத் தம் ஊரில் வழங்கும் பெயர் யாது என்று வீட்டிலுள்ள பெரியோரை ஒருமுறை கேட்டறிவாராக. அப்போது ஒரு சொல்லைக் கற்கும் உழைப்பால் இரண்டு சொற்கள் வாழும்.

பயிற்சி

1. கல்லணையைப் பற்றிய வினாவில் இளைஞன் பிழை செய்தமைக்குக் காரணம் யாது?
2. மேட்டூர் அணைக்கும் கல்லணைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. ஆழமான மணற்படுகையில் அடித்தளம் இட்ட முறையை ஐந்து வரிகளில் எழுதுக.
4. ஆங்கிலத்திற் புகுந்த தமிழ்ச் சொற்கள் மூன்றினைக் கூறி, அவை புகுந்த வரலாற்றை எழுதுக.
5. உங்கள் ஊரிலுள்ள ஏரி அல்லது குளம் ஒன்றினைக் கண்டு வந்து, அதன் உறுப்புகளின் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொகுத்து எழுதுக.